அப்பாவுக்காக நான் போட்ட ஓட்டு

என் அப்பாவின் கடைசி ஓட்டை நான்தான் போட்டேன். அவர் சொன்ன ஆளுக்குப் போடவில்லை. என்னைத் தவிர இது தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் நானே போய்ச் சொன்னேன். சொன்ன பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை.

நாங்கள் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தவர்கள். அப்பா அங்கே லோரி ஓட்டினார். ரப்பர் இருந்த காலத்தில் பால் ஏற்றினார், எண்ணெய்க்கான செம்பனை வந்த பிறகு அதன் குலை ஏற்றினார். அம்மா களை எடுக்கும் கூட்டத்தில் இருந்தார். எனக்கு முப்பது வயது ஆகப்போகிற சமயத்தில் தோட்டம் கைமாறியது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது.

அப்போது எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வந்தார். உறுப்பினரை இங்கே எல்லோரும் வை.பி. என்றுதான் சொல்வோம். அந்த வை.பி. எங்கள் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அம்மா கொடுத்த கோப்பியைக் குடித்தார்.

“மாத்து வீடு கெடைக்காம ஒரு பலகையக்கூட யாரும் தொட முடியாது. நான் இருக்கேன்லா,” என்றார்.

அப்பா அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்பா யார் கையையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் தண்ணீர் நின்றது. பிறகு மின்சாரம் நின்றது. அம்மாவுக்கு இருதயம் பலவீனம். அப்பா லோரிக்குப் போய்விடுவார், நான் ரவாங்கில் வேலைக்குப் போய்விடுவேன். அம்மா பள்ளிக்கூடத்துக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தார். நாலாவது வாரம், பள்ளிக்கூடத்துக்கும் லயத்துக்கும் நடுவில் செம்மண் பாதையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார் பாதி வழியிலேயே திரும்பி வந்தது.

அம்மாவைத் தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்தோம். பெயர்தான் சுடுகாடு, எங்கள் ஆட்களைப் புதைத்ததெல்லாம் அங்கேதான். வை.பி. சாவுக்கு வரவில்லை. கருமக்கிரியை முடிந்த இரண்டாம் நாள் மண்வாரி இயந்திரம் வந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. ஆனால் யாருக்காவது ஓட்டுப் போட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் தொகுதியில் எப்போதும் இரண்டு பேர்தான் நிற்பார்கள். ஒரு பக்கம் அந்த மனிதர். மறு பக்கத்தில் யாரை நிறுத்தினாலும் எனக்கு ஒன்றுதான். ஓட்டுச் சீட்டை விரித்ததும் முதலில் அவருடைய பெயரைத் தேடுவேன். அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த கட்டத்தில் குறி போடுவேன். அந்த அடுத்த கட்டத்தில் இருக்கிற பெயரைப் படிக்க மாட்டேன்.

முதல் தடவை அவர் தோற்றபோது அம்மா படத்துக்கு மல்லிகை வாங்கி வைத்தேன். இரண்டாவது தடவையும் தோற்றார். அவருடைய கட்சிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ, திரும்பத் திரும்ப அவரையே நிறுத்தியது. எனக்கு அது வசதியாக இருந்தது. தொழிற்சாலையில் ஒருத்தி பேச்சுவாக்கில், “உங்க ஏரியா வை.பி. யாரு?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தோற்றவர் பெயர் தெரியும், அவர் மனைவி பெயர்கூடத் தெரியும். ஜெயித்தவர் பெயர் தெரியாது.

நாங்கள் புக்கிட் செந்தோசாவில் ஒரு மாடி வரிசை வீட்டுக்கு வந்துவிட்டோம். தம்பி ஜொகூரில் வேலை கிடைத்து அங்கேயே குடும்பமாகிவிட்டான். எனக்கு நடந்த கல்யாணம் நிலைக்கவில்லை, அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. நானும் அப்பாவும்தான். புக்கிட் பெருந்துங்கில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். கோணல், கீறல், நிறம் மங்கியது எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுத் தாளில் பெருக்கல் குறி போடுவது என் வேலை. இருபது வருடமாக அதே குறி. ஓட்டுச் சீட்டில் போடுவதும் அதுதான் என்பது எனக்கு வெகுநாள் வரை வேடிக்கையாகக்கூடத் தோன்றியதில்லை.

முகவரியை மாற்றவில்லை. அதனால் தேர்தலுக்குத் தேர்தல் இருவரும் காரில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கே போவோம். லயம் போய்விட்டது, கோயில் இடம் மாறிவிட்டது, பள்ளிக்கூடம் மட்டும் செம்பனைக்கு நடுவில் நின்றது. போகும்போதும் வரும்போதும் யாருக்குப் போடுகிறோம் என்று பேசிக்கொண்டதில்லை. பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்பாவின் மனைவியைத்தானே நாங்கள் அங்கே புதைத்தோம்.

சுடுகாட்டைச் சுற்றிப் புதிய முதலாளி கம்பி வேலி போட்டார். ஆரம்பத்தில் காவலாளியிடம் சொன்னால் திறந்துவிடுவார். பிறகு அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று பலகை நட்டார்கள். கேட்டுக்குப் பெரிய பூட்டு வந்தது. கடைசியாக அப்பா அம்மாவின் சமாதியைப் பார்த்தது வேலிக்கு வெளியே நின்றுதான். அப்போதே அவருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கியிருந்தது. “தெரியுதாப்பா?” என்று கேட்டேன். “எந்தப் பக்கம்னு தெரியுது, போதும்,” என்றார்.

அதற்குப் பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை முழுசாகத் திரும்பவில்லை. பார்வையும் வெளிச்சம் இருட்டு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “எனக்கு அம்மா பக்கத்துலதான் பாப்பா,” என்றார்.

“அதெல்லாம் இப்ப முடியாதுப்பா. கேட்டு பூட்டியில்ல கெடக்கு,” என்றேன்.

அவர் அதைப் பற்றி மறுபடி என்னிடம் பேசவே இல்லை.

மாநிலத் தேர்தல் வந்தது. அந்த மனிதர் மறுபடி நின்றார். அப்பாவால் தனியாகப் போட முடியாது, வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர்தான் பிடிவாதமாக நின்றார். காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லி, காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ரவாங்கைத் தாண்டி, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைத் தாண்டிப் போனோம். மண் லோரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்று கடக்கும்போதும் சத்தத்தை வைத்தே எத்தனை டன் ஏற்றியிருக்கிறது என்று யோசிப்பவர்போலத் தலையைச் சாய்த்தார்.

பள்ளிக்கூடத்தில் வயதானவர்களுக்கு முதல் வகுப்பறை. பார்வை இல்லாதவர்களுக்கு ரத்த சொந்தம் ஒருவர் கூடப் போய்க் குறி போடலாம். அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். வாக்காளர் சொல்கிறபடியே போடுவேன், வெளியில் சொல்ல மாட்டேன் என்று அதில் இருந்ததை மலாய் மொழியில் வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் இடது கை ஆள்காட்டி விரலில் மை தடவினார்கள். விரலை ஊதிக்கொண்டே மேசைக்கு வந்தார்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் நாங்கள் இருவர் மட்டும். சீட்டை விரித்தேன்.

“யாரு மேல இருக்கா?” என்று என் காதருகில் கேட்டார்.

பெயரைச் சொன்னேன். மேலே இருந்தது அந்த மனிதரின் பெயர்தான்.

“அவனுக்குப் போடு.”

தவறாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். “அப்பா, மேல இருக்கறது பழைய ஆளு,” என்றேன்.

“தெரியும். அவனுக்குத்தான். போடு.”

வயதாகிவிட்டது, மூளை குழம்பிவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் குழப்பம் இல்லை. தன் இடது கையைத் துழாவிக் கொண்டுவந்து, பேனா பிடித்திருந்த என் கையின்மேல் வைத்தார். தானும் சேர்ந்து போட வேண்டும் என்று ஆசைப்பட்டார் போலிருக்கிறது. நான் பேனாவை மேல் கட்டத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். அங்கேயே நிறுத்தினேன். பிறகு என் மறு கையால் சீட்டைச் சற்று மேலே தள்ளினேன். எங்கள் கைகள் நகரவில்லை, தாள்தான் நகர்ந்தது. கீழ்க் கட்டம் பேனாவுக்கு அடியில் வந்தது. குறி போட்டேன். அந்த இரண்டு கோடுகளையும் அவர் கை என் கையோடு சேர்ந்து போட்டது.

“போட்டியா?”

“போட்டேன்ப்பா.”

“நல்லது.”

சீட்டை மடித்து அவர் கையில் கொடுத்தேன். பெட்டி வாய் எங்கே என்று காட்டினேன். அவரே போட்டார். என் ஓட்டை வேறு வகுப்பறையில் போட்டுவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொன்னார். இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டார். பால் தேநீரான தே தாரேக்கும் கேட்டார், சர்க்கரை கூடாது என்று தெரிந்தும் நான் தடுக்கவில்லை. பல மாதமாக அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து அவர் வாய் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன். அம்மாவுக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை போனில் முடிவைப் பார்த்து அவருக்குச் சொன்னேன். பழைய ஆள் பெரிய வித்தியாசத்தில் தோற்றிருந்தார்.

அப்பா இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நம்ம பள்ளிக்கூடத்துல அவனுக்கு எத்தன விழுந்துச்சு?” என்று கேட்டார்.

“அது தெரியலப்பா.”

“ஒண்ணாவது விழுந்திருக்கும்,” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்த வித்தியாசத்தில் அப்பாவின் ஒரு ஓட்டு எங்கே விழுந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை. எதையும் மாற்றாத ஓட்டு என்றால், அதை அவர் விருப்பப்படியே போட்டிருக்கலாம் அல்லவா.

மூன்று வாரம் ஆகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு கொண்டுபோய் வைத்தபோது அப்பா கண் திறக்கவில்லை. தொழிற்சாலைக்கு போன் வந்தது. நான் வீட்டுக்குப் போனபோது அவரைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். குளிப்பாட்டும்போது தம்பி அவருடைய இடது கையைத் தூக்கிப் பிடித்தான். ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரத்தில் ஓட்டு மை அப்படியே கறுப்பாக நின்றது. என் விரலிலும் அதே இடத்தில் அதே மை. தம்பி சோப்புப் போட்டுத் தேய்த்தான். “விடுடா, அது போகாது,” என்றேன்.

சுடுகாட்டுக் கேட் பூட்டியிருந்தது. தம்பி இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தான், ஒரே நாளில் யாரும் பதில் சொல்லவில்லை. ரவாங்கில் தகனம் செய்தோம். சாம்பலைக் கடலில் கரைத்தோம். அம்மா மண்ணில், அப்பா கடலில்.

என் விரலில் இருந்த மை நகம் வளர வளர மேலே ஏறிக்கொண்டே வந்தது. வேலையில் ஒவ்வொரு குறி போடும்போதும் என் கையின்மேல் ஒரு எடை தெரிந்தது. கற்பனை என்று தெரியும். ஆனால் எடை எடையாகவே இருந்தது. ஒரு முறை நல்ல மூடிகள் நிறைந்த பெட்டியை எடுத்துக் கழிவில் போட்டுவிட்டேன். மேலாளர் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பதினாறாம் நாள் வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்:

“அந்தப் பழைய வை.பி. வரலியா?”

“அவரு ஏன் இங்க வரணும்?”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்பா ஒனக்குச் சொல்லவே இல்லியா? ரெண்டு தடவ வந்தாரும்மா, நீ வேலைக்குப் போன நேரத்துல. அப்பாதான் கூப்பிட்டாரு. பழைய கார்டு ஒண்ணு வச்சிருந்தாரு, நான்தான் நம்பர் அமுக்கிக் குடுத்தேன். ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னாரு. ‘அவ தாங்க மாட்டா’ன்னாரு.”

“என்னா பேசினாங்க?”

“எனக்கென்னா தெரியும். மொத தடவ அப்பா சத்தமா பேசினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. ரெண்டாவது தடவ சத்தமே இல்ல. போறப்ப அந்த மனுசன் அப்பாவுக்குச் செருப்ப மாட்டிவிட்டு, வாசல் வரைக்கும் கையப் புடிச்சி நடக்க வச்சாரு.”

இரண்டு வாரம் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அவரை மன்னித்துவிட்டார் என்று முடிவு செய்தேன். அம்மாவின் சாவை அவர் மன்னித்துவிட்டார், நான் மன்னிக்கவில்லை, அந்த மன்னிப்பைத் திருடி என் வெறுப்பை அவர் கையால் பெட்டியில் போட வைத்தேன். இப்படி நினைக்க நினைக்க, வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. பட்டப்பகலில், சமையலறையில் நிற்கும்போது, “போட்டியா?” என்று பின்னாலிருந்து கேட்கும். திரும்ப மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை கோலசிலாங்கூருக்குப் போனேன். அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குரங்குகள் வருகிற மலையடிவாரத்துப் பக்கம், பழைய தனி வீடு. அவர் வேட்டியோடு நின்று, ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்து மதில்மேல் இருந்த குரங்குகளை விரட்டிக்கொண்டிருந்தார். மனதில் இருந்த ஆள் வேறு, இங்கே நின்ற ஆள் வேறு. தோள் சரிந்து, கால் வீங்கி, எந்தக் கிழவரையும்போல இருந்தார்.

யாருடைய மகள் என்று சொன்னேன். தண்ணீரை மூடிவிட்டு, “வாம்மா,” என்று உள்ளே கூப்பிட்டார். அப்பா இறந்தது அவருக்குத் தெரியவில்லை. சொன்னதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“எங்கப்பா எதுக்கு ஒங்களக் கூப்பிட்டாரு?” என்று கேட்டேன். நன்றாகப் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். குரல் அப்படி வரவில்லை.

“ஏசத்தான் கூப்பிட்டாரு,” என்றார். “மொத நாளு ஒரு மணி நேரம் ஏசினாரு. ஒங்கம்மா விழுந்ததுலேருந்து ஆரம்பிச்சாரு. நான் வாயத் தொறக்கல. தொறக்க என்னா இருக்கு? சாவுக்குக்கூட வரல நான். வந்தா அடிப்பாங்கன்னு பயந்துகிட்டு வீட்டுல இருந்தேன்.”

“ரெண்டாவது தடவ?”

“சுடுகாட்டப் பத்திக் கேட்டாரு. தோட்டத்த வித்தப்ப அந்த எடத்தச் சுடுகாட்டுக்குன்னு தனியா கோடு போட்டு வச்சிருந்தாங்கம்மா. எல்லாரும் உக்காந்து பேசின கூட்டத்துல நானும் இருந்தேன். அந்தப் பிளான் காப்பி எங்கிட்ட இருக்கு.”

“இத்தன வருஷமா வச்சிருந்தீங்களா?”

“வச்சிருந்தேன். பதவியில இருந்தப்பவே எடுத்திருக்கணும். எடுக்கல. தோத்த பெறகு நான் நீட்டினா யாரு வாங்கிப் படிப்பா?” என்று நிறுத்தினார். “அப்பதான் ஒங்கப்பா சொன்னாரு. ‘இந்தத் தடவ ஒனக்குப் போடுறேன். நீ நல்லவன்னு போடல. இத்தன வருஷம் ஒன்னத் தோக்கடிச்சோம், நீ வீட்டுல நிம்மதியா ஒக்காந்துகிட்ட. வந்தவனுக்கு எங்களத் தெரியவே தெரியாது. நீ ஜெயிச்சி வா. ஒன் ஆபீஸ் வாசல்ல நான் வந்து ஒக்காந்துக்கிறேன். நீ எனக்குப் பதில் சொல்லணும்’னாரு.”

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் தொடவில்லை.

அப்பா மன்னிக்கவில்லை. அது எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவர் என்னைவிடக் கடுமையாக இருந்திருக்கிறார். நான் அந்த மனிதரை ஒவ்வொரு முறையும் ஒரு குறியால் துரத்திவிட்டு, கை கழுவி வீட்டுக்குப் போனேன். அப்பா அவரைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்.

“போட்டாராம்மா?” என்று அவர் கேட்டார். “அந்தப் பள்ளிக்கூடத்து எண்ணிக்கையில எனக்கு ரொம்பக் கொறச்சல். ஆனா அதுல ஒண்ணு ஒங்கப்பா ஓட்டுன்னு நெனச்சிகிட்டேன்.”

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

“இல்லங்க,” என்றேன். “அவரு ஒங்களுக்குத்தான் போடச் சொன்னாரு. நான் மாத்திப் போட்டேன். அவருக்குத் தெரியாது.”

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப அவரு சொன்ன வார்த்தய மாத்தல,” என்றார். அவர் குரலில் ஆறுதல்போல ஏதோ இருந்தது. அது என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

கிளம்பும்போது பிளான் காப்பியை ஒரு பழைய உறையில் போட்டுக் கொடுத்தார். “வந்தவன்கிட்டயே குடு. ஒங்க ஓட்டுல வந்தவன்தானே,” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை.

ஜெயித்து வந்தவரின் சேவை மையம் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. வாசலில் பெரிய பலகையில் அவர் படமும் பெயரும். இரண்டு தேர்தலாக நான் குறி போட்டுவந்த பெயர் அது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று முதல் முறையாக முழுசாகப் படித்தேன். உள்ளே இருந்த பெண் நான் எழுதிக்கொண்டுபோன கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினார். இரண்டு மாதம் பதில் இல்லை. மறுபடி போனேன். மூன்றாவது முறை போனபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் மதியம்வரை உட்கார்ந்தேன். அவர் வெளியே வந்து, “யாரு இந்த அம்மா?” என்று கேட்டார்.

உறையைக் கொடுத்தேன். நின்றபடியே பிளானைப் பிரித்துப் பார்த்தார். நாற்பது வயது இருக்கலாம், கண்களில் தூக்கம் போதாத களைப்பு. அடுத்த வாரமே தோட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். சொன்னபடி வந்தது எனக்கு ஆச்சரியம்.

நிறுவனத்தின் ஆள் ஒருவர் கேட்டைத் திறந்தார். லாலாங் புல் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. கல்லறைக் கற்கள் சில சாய்ந்திருந்தன. அம்மாவின் இடத்தை நான் எளிதில் கண்டுபிடித்தேன். லயத்து வீட்டை இடித்த அன்று, அப்பா அந்தச் செங்கற்களில் கொஞ்சத்தை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து சமாதியைச் சுற்றிப் பதித்திருந்தார். அவை இருந்தன. அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை இப்போது பார்த்தேன். செங்கல் வரிசை அம்மாவோடு நிற்கவில்லை. பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடத்தை வளைத்துப் போயிருந்தது. அந்த இடத்தில் புல் மட்டும்தான்.

வை.பி. சிறிது தூரத்தில் நின்று கற்களைப் போனில் படம் எடுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்தார்.

“அம்மா நமக்குத்தானே போட்டீங்க?” என்று கேட்டார். பேச்சுக்குக் கேட்டதுதான்.

“ஒங்களுக்குப் போடலங்க,” என்றேன். “அவரு வரக்கூடாதுன்னு போட்டேன். ஒங்க பேரே எனக்கு இந்த வருஷம்தான் தெரியும்.”

அவர் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். குனிந்து காற்சட்டையில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“வீடு வீடா போறப்ப நெறைய பேரு அதத்தான் சொல்றாங்க,” என்றார். “‘அந்தாளு வரக்கூடாது, அதான் ஒனக்கு.’ மொதல்ல சந்தோஷமா இருந்துச்சும்மா, சுலபமா ஜெயிச்சிட்டோம்னு. இப்பப் பாத்தா, யாரும் எங்கிட்ட எதயும் கேட்டு ஓட்டுப் போடல. அவரு இல்லாம இருந்தாப் போதும்னு போட்டாங்க. அது மொத நாளே முடிஞ்சி போச்சு. அதுக்கப்புறம் நான் யாருக்கு என்னா செய்யணும்?”

என்னிடம் அவர் கேட்ட கேள்வி அது இல்லை என்றாலும், எனக்குத்தான் கேட்டது. இத்தனை வருடம் இந்த இடம் பூட்டிக் கிடந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது என்று நான் வைத்திருந்த கணக்கில் என் பெயர் இருந்ததே இல்லை.

இப்போது பிளான் நில அலுவலகத்தில் இருக்கிறது. முடிவு வரவில்லை. வரும் என்றும் சொல்ல முடியாது. வை.பி. எழுதிய கடிதத்தால் ஒன்று மட்டும் நடந்தது: ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டைத் திறந்துவிடுகிறார்கள். அடுத்த தேர்தலில் அந்தக் கிழவர் நிற்கப்போவதில்லை, உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் இல்லாத சீட்டை நான் எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. இரண்டு பெயரையும் படிக்க வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவின் அரிவாளைக் கடன் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். லாலாங்கை அறுக்கிறேன். செங்கல் வளைவுக்குள் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி சுத்தம் செய்கிறேன். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவேன். அங்கே “போட்டியா?” என்ற குரல் கேட்பதில்லை. வீட்டில்தான் கேட்கிறது.

போன வாரம் கேட்டில் புதிய காவலாளி இருந்தார், நேப்பாளத்துக்காரர். உள்ளே போகிறவர்கள் பெயரை ஒரு தடித்த புத்தகத்தில் எழுதினார். யாருடைய கல்லறைக்குப் போகிறேன் என்று தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டார்.

“அம்மா, அப்பா,” என்று சொன்னேன்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்தார்.